வாயிலுக்கு வெளியே நின்றவர்

பொறுக்கியெடுத்த மாணவர்க்கான பள்ளிகளில் பயின்றோர், பிற்காலத்தில் அந்நாள்களை நினைவுகூரும்போது, தகுதி ஒன்றே தம்மை உயர்த்தியதாகப் பெருமை கொள்வர். வரலாறு அதற்குச் சான்று கூறவில்லை. கோலகங்சாரில் 1905இல் தோன்றிய மலாய்க் கல்லூரி, அரச குடும்பத்தார், பிரபுக்கள் ஆகியோரின் புதல்வர்களை ஆங்கில ஆட்சியின் அலுவலர்களாக்க எழுந்தது. தஞ்சோங் காராங்கில் வலை வீசிய மலாய்க்காரரின் மகனுக்காக அது கட்டப்படவில்லை. அண்டைத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தமிழரின் மகனுக்கோ, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு இதுதான்: பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் ஒரு தோட்டப்பள்ளி. தமிழ்ப்பள்ளி இன்றும் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. ஓடவே விடப்படாதவனைத் தோற்றவன் என்பது எவ்வகை நீதி? பழைய மாணவர் தம் பள்ளியைப் போற்றட்டும். தகுதியின் பெயரால் பிறரைப் பழித்தல் வேண்டா. வாயிலுக்கு வெளியே நின்றவரின் வரலாற்றையும் வகுப்பறையில் உரைப்பது தமிழாசிரியரின் கடனாகும்.