மூட்டு மாற்றுக்கு முன் மாத்திரைக் கணக்கு

தேய்ந்துபோன முழங்கால் மூட்டின் பரப்புகளை அகற்றிவிட்டு உலோகமும் நெகிழியும் சேர்ந்த செயற்கை மூட்டைப் பொருத்தும் அறுவை சிகிச்சை, மதுரையில் இன்று வசதி படைத்தவர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்சவரம்பு விதித்து, பரவலாகப் பயன்படும் கோபால்ட்-குரோமியம் மூட்டின் விலையை வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்குக் கொண்டுவந்ததும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்றதும், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களில் வயல் வேலையில் முழங்கால் தேய்ந்த பெண்களையும் அரசு இராசாசி மருத்துவமனையின் வாசலுக்கு அழைத்துவந்திருக்கின்றன. மூட்டின் விலையில் இத்தனை அக்கறை காட்டிய அரசுகள், அதைப் பெறப்போகும் உடல் அதுவரை என்னென்ன மாத்திரைகளை விழுங்கிவந்தது என்பதிலும் அதே அக்கறை காட்ட வேண்டும்.

அறுவைக்கு முந்தைய ஆண்டுகளில் நோயாளி பெரும்பாலும் மெடிக்கல் கடையை நம்பியே காலம் தள்ளுகிறார். மூட்டு வலிக்கு ஒரு செட் என்று கேட்டால், அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று நான்கு மாத்திரைகள் சிறு காகித உறையில் போட்டுத் தரப்படுகின்றன. கத்தரித்ததில் மருந்தின் பெயர் போய்விடுவதால், பிற்பாடு மயக்க மருத்துவர் கேட்கும்போது வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடிவதில்லை. அந்த உறையில் இருப்பது டைக்ளோஃபெனாக் போன்ற வீக்கம் தணிக்கும் மருந்தானால், நெடுநாள் பயன்பாட்டில் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் முதலிய ஸ்டீராய்டுகளோ வலியை விரைந்து அடக்கினாலும், இரத்தச் சர்க்கரையை ஏற்றி, எலும்பை மெலிவித்து, தொற்றை எதிர்க்கும் ஆற்றலைக் குறைப்பதோடு, நெருக்கடியைத் தாங்குவதற்காக உடல் தானே சுரக்கும் கார்டிசால் என்னும் இயக்குநீரையும் ஒடுக்கிவிடுகின்றன. அத்தகைய உடலில் பொருத்திய மூட்டில் கிருமி புகுந்துவிட்டால், சில வேளைகளில் மூட்டையே கழற்றி எடுத்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரிடுகிறது.

டிராமடால் இன்னும் நுட்பமான சிக்கல். மூளையின் வலியுணர்வை மழுக்கும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்த இம்மருந்தைச் சீட்டின்றி விற்கக்கூடாது, விற்பனையைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்-1 அட்டவணையின் விதி. 2018இல் டிராமடால் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வந்தது. அறுவைக்கு முன்பே ஓபியாய்டுக்குப் பழகியவர்கள் அறுவைக்குப் பின் மற்றவர்களைவிடக் கூடுதல் வலியையும் குறைந்த பலனையும் அடைவதாக அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. பழகிய உடலுக்கு வழக்கமான அளவு மருந்து போதாது. வலி அடங்காதவர் காலை மடக்க அஞ்சுவார். முதல் சில வாரங்களில் மடக்கி நீட்டப்படாத முழங்கால் தழும்புத் திசுவால் இறுகிவிடும். கட்டில் விளிம்பில் உட்காரவைத்து, குதிகாலைப் பின்னுக்கு இழுக்கச் சொல்லும் அந்தப் பயிற்சி தவறினால், நல்ல மூட்டும் விறைத்த காலாகவே எஞ்சும்.

இதற்காக மாத்திரையை ஒரே நாளில் பிடுங்குவது கொடுமை. நெடுநாள் உண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. எனவே காப்பீட்டு ஒப்புதலுக்கு ஊடுகதிர்ப் படத்தோடு மருந்து வரலாறும் கட்டாயமாக்கப்பட வேண்டும்; ஸ்டீராய்டையும் ஓபியாய்டையும் மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கும் வாரங்களுக்கான செலவைத் திட்டமே ஏற்க வேண்டும். பெயரற்ற மாத்திரை உறைகளை மருந்து ஆய்வாளர்கள் கடை கடையாகத் தடுக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் ஏற்கெனவே வீடு தேடிச் செல்கிறார்கள். மூட்டு மாற்றிக்கொண்டு ஊர் திரும்புவோரின் பட்டியலை மருத்துவமனை அன்றே அவர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.