வில்லனுக்குக் காரணம் வேண்டாமா?

போன தீபாவளிக்கு மகள் வயிற்றுப் பேரன் பெங்களூரிலிருந்து வந்திருந்தான். போட்டிருந்த கறுப்பு பனியனில் ஒரு முகம். வெள்ளைச் சாயம், கண்ணைச் சுற்றிக் கரி, காதுவரை இழுத்த சிவப்பு வாய்.

"யாருடா இது, கூத்துக்காரனா?" என்று கேட்டேன்.

"போங்க தாத்தா. இதுதான் ஜோக்கர். உலகத்திலேயே பெரிய வில்லன்" என்றான்.

அன்று இரவே டிவியில் அந்தப் படத்தைப் போட்டான். 2008இல் வந்த 'தி டார்க் நைட்'. கிறிஸ்டோபர் நோலன் இயக்கியது. பேட்மேன் என்கிற முகமூடி வீரனின் கதை. இரண்டரை மணி நேரம். நான் பத்து மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிற ஆள். அன்றைக்குப் படுக்கவில்லை. அந்த நடிகன் என்னைத் தூங்கவிடவில்லை.

படம் முடிந்ததும் பேரன் ஒன்று சொன்னான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. "பார்த்தீங்களா தாத்தா? இவனுக்குக் காரணமே கிடையாது. பணம் வேண்டாம், பதவி வேண்டாம். சும்மா ஊரைக் கொளுத்தறான். அதுதான் கெத்து. நம்ம படத்துல வில்லன்னா ஒரு ஃபிளாஷ்பேக் வெச்சு அழவெச்சுக் கெடுத்துடுவாங்க."

காரணம் இல்லாததுதான் பெருமையா? அன்பர்களே, எனக்கு இதில் உடன்பாடில்லை. கடுமையாகவே மறுக்கிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஹீத் லெட்ஜர் என்ற அந்த நடிகர் செய்திருப்பது சாதாரண வேலை அல்ல. நாக்கை நீட்டி உதட்டைத் தடவிக்கொள்வதும், தோளைத் தொங்கப்போட்டு நடப்பதும், குரலை ஏற்றி இறக்குவதும் அப்படி. அவர் இருக்கிற காட்சியில் கதாநாயகனைப் பார்க்கவே தோன்றவில்லை. படம் வெளியாகுமுன்பே, 2008 ஜனவரியில், 28 வயதில் இறந்துபோனார். மறு ஆண்டு ஆஸ்கர் விருதை அவர் குடும்பத்தார் வாங்கினார்கள். அந்தக் கலைஞனுக்கு என் வணக்கம். என் சண்டை நடிகனோடு இல்லை, பனியனோடுதான்.

அந்த முகம் எங்கிருந்து வந்தது தெரியுமா என்று பேரனிடம் கேட்டேன். "காமிக்ஸ்" என்றான். காமிக்ஸுக்கு எங்கிருந்து வந்தது என்றேன். அதற்குப் பதில் இல்லை.

நான் பிரெஞ்சு மீடியத்தில் பிரவே வரை படித்தவன். பாகூர்ப் பக்கத்திலிருந்து அதிகாலை பஸ் பிடித்துப் பாண்டிக்குப் போய்ப் படித்த பிள்ளைகளில் நானும் ஒருவன். எங்களுக்கு விக்தோர் உய்கோ என்றால் ஏறக்குறைய குலதெய்வம். அவர் 1869இல் எழுதிய நாவல் 'லோம் கி ரி', அதாவது 'சிரிக்கும் மனிதன்'. பிள்ளை பிடிக்கிற ஒரு கும்பல், ராஜாவின் விருப்பப்படி, ஒரு சிறுவனின் வாயைக் கத்தியால் கிழித்து, ஆயுள் முழுக்கச் சிரிப்பதுபோல் ஆக்கிவிடுகிறது. அவன் பெயர் குவின்பிளேன். அழுதாலும் சிரிக்கிற முகம். சந்தையில் வேடிக்கை காட்டிப் பிழைக்கிறான். 1928இல் அதை ஹாலிவுட்டில் படமாக்கினார்கள். கான்ராட் வைட் என்ற ஜெர்மானிய நடிகர் நடித்தார். 1940இல் காமிக்ஸ்காரர்கள் ஜோக்கரை உருவாக்கியபோது அவருடைய புகைப்படத்தைப் பார்த்துத்தான் அந்த முகத்தை அமைத்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். உய்கோவின் குவின்பிளேன் வில்லனே அல்ல. குளிரில் செத்துக் கிடந்த தாயின் மார்பிலிருந்து ஒரு குழந்தையை எடுத்துக் காப்பாற்றியவன். தான் ஒரு பிரபுவின் வாரிசு என்று பின்னால் தெரியவந்து, இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் எழுந்து நின்று ஏழைகளுக்காகப் பேசுகிறான். அவன் முகத்தைப் பார்த்துப் பிரபுக்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்படியானால் வில்லன் யார்? கிழித்தவனும், கிழிக்கச் சொன்னவனும், பார்த்துச் சிரித்தவர்களும்தான்.

சினிமா அந்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தைத் தூக்கி எறிந்துவிட்டது. 'டார்க் நைட்' படத்தில் ஜோக்கர் தன் வாய்த் தழும்புக்கு இரண்டு இடத்தில் இரண்டு கதை சொல்கிறான். ஒருமுறை அப்பன் கிழித்தான் என்கிறான், இன்னொரு முறை மனைவிக்காகத் தானே கிழித்துக்கொண்டேன் என்கிறான். இரண்டும் பொய் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால் யாருக்கு லாபம்? பார்க்கிற நமக்குத்தான். காரணம் இல்லாத தீமைக்கு யாரும் பொறுப்பில்லையே. படம் முடிந்ததும் பனியன் வாங்கி மாட்டிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம்.

நம் மண் அப்படி விட்டதில்லை. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். ராத்திரி முழுக்கத் துரியோதனன் ஆடுவான். கிரீடமும் புஜக்கட்டையும் அவனுக்குத்தான் பெரிது. அவன் தரப்பு நியாயத்தை அவனே பாடுவான். ஊர் கேட்கும். படுகளத்தன்று மண்ணால் பெரிய துரியோதனன் படுத்திருப்பான். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள். அந்த மண் உருவத்தைச் சுற்றி ஒப்பாரி வைக்கிற கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். கெட்டவன் சாக வேண்டும், ஆனாலும் அவன் ஒரு தாய்க்குப் பிள்ளை. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத அந்தக் கிழவிகள்.

பாண்டியில் பிறந்த பாவேந்தர் பாரதிதாசன் ஒரு படி மேலே போனார். 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்று நாடகம் எழுதி, புராணத்தின் வில்லனை நாயகனாக்கினார். 1934இல் சென்னையில் பெரியார் தலைமையில் மேடையேறியது. அவர் கருத்தோடு உடன்படலாம், படாமல் போகலாம். வில்லன் என்று யார் பெயர் வைத்தது, ஏன் வைத்தார்கள் என்று கேட்கிற புத்தி இந்த ஊருக்கு அன்றைக்கே இருந்தது.

நம்பியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டூரிங் கொட்டகையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து பார்த்த காலம். அவர் கையைப் பிசைந்துகொண்டு வந்தாலே பெண்கள் பகுதியிலிருந்து சாபம் பறக்கும். அவரோ வாழ்க்கையில் சைவ உணவுக்காரர், வருடந்தோறும் சபரிமலை போன குருசாமி. அந்த முகத்தைப் பனியனில் போட்டுக்கொள்ள எங்களில் எவனுக்கும் தோன்றியதில்லை. நடிப்பை ரசித்தோம், வில்லனை வைதோம். அந்தக் கோடு எங்களுக்குத் தெரிந்திருந்தது.

"அதெல்லாம் பழைய கதை தாத்தா, இப்ப யாரு இருக்காங்க?" என்றான் பேரன். இருக்கிறாரப்பா. குரு சோமசுந்தரம் என்று பெயர். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்றவர். தெருக்கூத்திலிருந்து பாடம் எடுத்துக்கொண்ட நாடகப் பட்டறை அது. ஆகவே அவர் ஒருவகையில் எங்கள் பங்காளிதான்.

2021 டிசம்பரில் 'மின்னல் முரளி' என்ற மலையாளப் படம் வந்தது. பேசில் ஜோசப் இயக்கம். ஒரே இரவில் ஒரு கிராமத்தில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது. இருவருக்கும் அசுர பலம் வருகிறது. தையல்காரன் ஜெய்சன் நாயகன் ஆகிறான். டீக்கடையில் எடுபிடி வேலை செய்யும் ஷிபு வில்லன் ஆகிறான். மின்னலுக்குப் பாரபட்சம் இல்லை. வித்தியாசம் ஊர் நடத்திய விதத்தில்தான். ஷிபுவைப் பைத்தியம் என்று ஊர் ஒதுக்கி வைத்திருக்கிறது. அவன் பல வருடமாக மனதில் வைத்திருந்த உஷா என்ற பெண் கடைசியில் அவனோடு வாழச் சம்மதிக்கும்போது குரு சோமசுந்தரம் காட்டுகிற முகம் இருக்கிறதே! சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாது. உய்கோ கண்ட முகம் அது. சாயம் பூசாமலே வந்துவிட்டது. ஊரார் அவன் குடிசைக்குத் தீ வைக்க, உள்ளே இருந்த உஷா போய்விடுகிறாள். பிறகு அவன் ஊரையே கொளுத்துகிறான்.

அவன் செய்தது சரி என்று படம் சொல்லவில்லை. அவனைத் தடுத்தே ஆகவேண்டும், நாயகன் தடுக்கிறான். ஆனால் முதல் தீக்குச்சியைக் கிழித்தது யார் என்பதைப் படம் மறைக்கவில்லை.

இதே நடிகர் 2016இல் 'ஜோக்கர்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்ப் படத்தில் நடித்தார். ராஜுமுருகன் இயக்கம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. தர்மபுரிப் பக்கத்தில் ஓர் ஏழை. இலவசக் கழிப்பறைத் திட்டத்தில் பணத்தைத் தின்றுவிட்டு அரைகுறையாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். மழை இரவில் அது இடிந்து கர்ப்பிணி மனைவி மேல் விழுகிறது. அவள் நினைவிழந்து கிடக்க, இவன் தன்னை இந்தியாவின் ஜனாதிபதி என்று அறிவித்துக்கொள்கிறான். ஊர் சிரிக்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்த இரவு நான் அழுதேன். வீட்டில் யாருக்கும் காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. நான் மேல்நிலை எழுத்தர். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். திங்கள்தோறும் ஒரு மனிதர் வருவார். வீடு கட்டும் உதவியில் முதல் தவணை வாங்கி, சுவரை ஜன்னல் உயரத்துக்கு எழுப்பியிருந்தார். இரண்டாவது தவணை வரவில்லை. அளவு அறிக்கை கோப்பில் இல்லை என்பது எங்கள் பதில். கொடுத்துவிட்டேன் என்பது அவர் பதில். அவர் தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அந்தப் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டுதான் மனு கொடுக்க வருவார், மரியாதை கிடைக்கும் என்று. நாங்கள் வைத்த பெயர் 'கவர்னர்'. "வாங்க கவர்னர் ஐயா" என்று ஒருவர் எழுந்து சல்யூட் அடிப்பார். அறையே சிரிக்கும். நானும் சிரித்தேன். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார். மனு நகர வேண்டுமே.

அந்த ஐப்பசி மழையில் அரைச் சுவர் விழுந்தது. ஓர் ஆடு செத்தது. மறு திங்கள் வந்தவர் யாரோடும் பேசவில்லை. வாசலில் கிடந்த கல்லை எடுத்து வந்து என் மேஜைக் கண்ணாடியில் போட்டார். போலீஸ் அழைத்துப் போனது. "பைத்தியம் முற்றிவிட்டது" என்று பேசிக்கொண்டோம். பிறகு அவர் வரவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து மாற்றலாகிச் சார்ஜ் ஒப்படைக்கும்போது அந்த அளவு அறிக்கை கிடைத்தது. பக்கத்துக் கோப்பில், வேறு பெயரில், தவறாகக் கோர்த்திருந்தது. கோர்த்த கை என் கை. ஊசி நூல் என் மேஜையில்தான் இருந்தது. அதை எடுத்துச் சரியான கோப்பில் சேர்த்து, ஒரு குறிப்பு எழுதி, மேலே அனுப்பிவிட்டு வந்துவிட்டேன். அவர் வீடு சைக்கிளில் அரை மணி நேரம். போகவில்லை. தவறு என்னுடையது என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பேராண்டி, இப்போது சொல். அந்தக் கதையில் வில்லன் கல் எறிந்தவரா? காரணம் இல்லாமல் எறிந்தார் என்று அன்று அலுவலகம் முழுக்க நம்பினோம். காரணம் என் மேஜை மேல் இருந்தது. அதனால்தான் காரணமில்லாத வில்லன் என்று யாராவது கைதட்டினால் எனக்கு எரிகிறது. காரணம் இல்லை என்பவன் பெரும்பாலும் தேடாதவன், இல்லாவிட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன்.

காரணம் சொன்னால் மன்னிப்பு ஆகிவிடாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. கல் எறிந்தது குற்றம்தான். யார் தலையிலாவது பட்டிருந்தால்? ஊரைக் கொளுத்துகிறவனைத் தடுக்கத்தான் வேண்டும். தடுத்த பிறகு உட்கார்ந்து கேட்கவும் வேண்டும். கேட்காவிட்டால் அடுத்தவன் தயாராகிக்கொண்டிருப்பான்.

கடைசியாக ஒன்று. அதே 'டார்க் நைட்' படத்தில் இரண்டு கப்பல் காட்சி வருகிறது. ஒன்றில் ஊர் ஜனங்கள், இன்னொன்றில் கைதிகள். ஒவ்வொரு கப்பலிலும் அடுத்த கப்பலை வெடிக்கவைக்கும் கருவி. முதலில் அழுத்துகிறவர்கள் பிழைக்கலாம், நேரம் தப்பினால் இரண்டும் போகும் என்கிறான் ஜோக்கர். கைதிகளில் மலைபோன்ற ஒருவன் எழுந்து அதிகாரியின் கையிலிருந்து கருவியை வாங்கி, ஜன்னல் வழியே தண்ணீரில் வீசிவிட்டுப் போய் உட்காருகிறான். இன்னொரு கப்பலிலும் யாரும் அழுத்தவில்லை. ஜோக்கர் தோற்ற இடம் அதுதான். படத்தை எடுத்தவரே அவனுக்குப் பதில் சொல்லிவிட்டார். ஊரே குற்றவாளி என்று ஒதுக்கிய ஒருவன் கையால் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கைதியின் பெயர் என்னடா என்று கேட்டேன். பேரனுக்குத் தெரியவில்லை. படத்திலும் அவனுக்குப் பெயர் சொன்னதாக நான் கேட்கவில்லை. அவன் முகம் எந்தப் பனியனிலும் இல்லை.

பொங்கலுக்கு வருகிறேன் என்றிருக்கிறான். ராஜுமுருகனின் 'ஜோக்கர்' படத்தைப் போட்டுக் காட்டப் போகிறேன். அது முடிந்ததும் கவர்னர் கதையையும் சொல்ல வேண்டும். இதுவரை வீட்டில் சொன்னதில்லை. எழுதிவிட்டேன், இனி சொல்லாமல் இருக்க முடியாது.