மருந்துச் சீட்டு மட்டும் போதாது, தாதியும் வேண்டும்



காலைப் பெரட்டுக்கு வரும் பெண்களில் சிலர் விரலை மடக்க முடியாமல் நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பொழுது ஏறிய பிறகுதான் கை இளகும். அதற்குள் கொழுந்து குறைந்து, அன்றைக்கு அரைப்பேர். கங்காணி சோம்பல் என்கிறார். வீட்டிலோ குளிரில் வந்த வாதம் என்கிறார்கள். இரண்டும் பிழை. பலருக்கு அது முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது.

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்தை விட்டுக் கிழக்குக்கு வந்த எமது குடும்பங்களின் பிள்ளைகள் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி நாட்கூலி வேலை செய்கிறார்கள். கொழுந்துக் கூடை போய், மூட்டையும் கருவாடும் துடைப்பமும் வந்திருக்கின்றன. கைதான் சோறு போடுகிறது என்பது மட்டும் மாறவில்லை.

அங்கு நடந்த கிளைக் கூட்டத்துக்கு ஓர் அக்கா வந்திருந்தார். வரவுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட அவரால் பேனையைப் பிடிக்க முடியவில்லை. சிக்குன்குனியாவின் மிச்சம் என்று எண்ணி இரண்டு வருடம் கடையில் நோக்குளிசை வாங்கிக் குடித்திருக்கிறார். அந்தக் காய்ச்சல் 2006இல் நாட்டில் பரவியபோது மாதக்கணக்கில் மூட்டு வலியால் துன்பப்பட்டவர்கள் பலர். ஆகவே அப்படி எண்ணியது அவர் குற்றமில்லை. கடைசியில் ஒரு வைத்தியசாலையில் நோயைக் கண்டுபிடித்து மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். அது கிழமைக்கு ஒரு நாள் மட்டும் குடிக்க வேண்டிய மருந்து. உறையில் இருந்த ஆங்கிலத்தை அவரால் வாசிக்க முடியவில்லை. வாயால் சொல்லிக் கொடுக்கவும் யாருக்கும் நேரமில்லை. அவர் தினமும் குடித்தார். வாயெல்லாம் புண், காய்ச்சல். தினமும் குடித்தால் இந்த மருந்து இரத்த அணுக்களை அழித்து உயிரையே பறிக்கும்.

அவரைக் காப்பாற்றியது வார்ட்டில் இருந்த ஒரு தாதி கேட்ட கேள்வி: "அக்கா, இந்தக் குளிசைய எந்தெந்த நாள் குடிக்கிறீங்க?" குணமாகி மருந்தை மீண்டும் தொடங்கியபோது அதே தாதி உறையில் "திங்கட்கிழமை மட்டும்" என்று தமிழில் எழுதிக் கொடுத்தார்.

தாதியின் வேலை ஊசி போடுவதோடு முடிவதில்லை. இரத்தப் பரிசோதனைத் திகதியை நினைவூட்டுவது, பிள்ளை பெற எண்ணும் பெண்ணிடம் இந்த மருந்து கருவுக்கு ஆகாது என்று முன்கூட்டியே சொல்வது, வீங்கிய மூட்டுக்கு எப்போது ஓய்வு, எப்போது பயிற்சி என்று காட்டுவது, வாளியை விரலில் தொங்கவிடாமல் முழங்கையில் மாட்டச் சொல்வது, மனம் சோர்ந்தவரின் பேச்சைக் கேட்பது எல்லாம் தாதியம்தான். ஐரோப்பிய மூட்டுநோய் அமைப்பான ஈயூலார் 2012இல் வெளியிட்டு 2018இல் புதுப்பித்த பரிந்துரைகளும், இத்தகைய நோயாளர் எவருக்கும் ஒரு தாதியிடம் விளக்கமும் ஆலோசனையும் பெற வழி இருக்க வேண்டும் என்கின்றன. எமது பெண்களுக்கு மட்டும் அது ஏன் கூடாது?

ஆகவே எமது கோரிக்கைகள்:

1. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளிலும், தோட்ட வைத்தியசாலைகளிலும் மூட்டுநோயாளருடன் இருந்து பேசப் பயிற்சி பெற்ற தாதியரை நியமிக்க வேண்டும்.

2. மருந்து உறையில் தமிழிலும் எழுத வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழி. இது சலுகை அல்ல.

3. கிளினிக் நாளுக்குச் சம்பளம் வெட்டக் கூடாது. கை வீங்கியவருக்கு இலகு வேலையும் முழுப் பேரும் வேண்டும்.

நிரந்தரமாக வேலை செய்ய இயலாது என்று வைத்தியச் சான்று பெற்றவர், பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்ற வயதுக்கு முன்பே ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். அந்த விண்ணப்பத்தைச் சங்கம் எழுதித் தரும். ஆனால் அந்த நிலைக்கு ஒருவரையும் விடாமல் காப்பதே முதல் வேலை. தொடக்க மாதங்களில் மருந்து தொடங்கினால் பெரும்பாலும் மூட்டு கோணாமல் தடுக்கலாம்.

தலைவர்மாரே, தலைவிமாரே! இரண்டு கைகளிலும் சிறு மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இருந்து, ஆறு கிழமையாகியும் மாறாதவர் உங்கள் லயத்தில் இருந்தால் இந்தக் கிழமையே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். மருந்து தந்தால் எந்த நாள், எத்தனை குளிசை என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள்.