மக்ரிபுக்குப் பின் ஒரு சஹன் சோறு

 

கும்மிடிப்பூண்டியைக் கடந்து வடக்கே செல்லும் இரயில், எளாவூரை அடுத்து ஆரம்பாக்கத்தில் நிற்கும். அதற்கு அடுத்த நிலையம் தடா. அங்கே ஆந்திர மாநிலம் தொடங்கிவிடுகிறது. தமிழகத்தின் எல்லையில் அமைந்த இவ்வூரில் என் நாத்தனார் மகள் வசிக்கிறாள். சென்ற மாதம் அவள் இல்லத்தில் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். அங்கே கண்டதையே இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அவளுடைய கணவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரிகிறார். ஒரு வாரம் காலை 6 மணி ஷிப்டு. மறு வாரம் பிற்பகல் 2 மணி. அதற்கடுத்த வாரம் இரவு 10 மணி. பிள்ளைகள் இருவர். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. இருவரும் அரசுப் பள்ளியில் பயில்கின்றனர். மாலையில் மதரஸா சென்று ஓதிவிட்டு, மக்ரிபுக்கு வீடு திரும்புவர்.

நான் சென்ற முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குத்தான் அடுப்பிலிருந்து சோறு இறங்கியது. குழம்பும் பொரியலும் மணமாகவே இருந்தன. ஆனால் உண்பதற்குப் பிள்ளைகள் இல்லை. மகன் கையில் பாதிப் பிஸ்கட்டுடன் பாயில் உறங்கிவிட்டான். மகளோ செல்பேசியைப் பார்த்தபடி இரண்டு கவளம் உண்டுவிட்டு, "போதும்மா" என்று எழுந்துவிட்டாள். மீதமான சோற்றைப் பார்த்தபோது என் மருமகளின் கண்கள் கலங்கின.

"மாமி, நான் சமைப்பதை இவர்கள் தொடுவதே இல்லை. ரோட்டோரக் கடையிலிருந்து பரோட்டா வாங்கிவந்தால் மட்டும் ஓடி வருகிறார்கள். என் கையில்தான் ஏதோ குறை" என்றாள்.

அவள் கையில் குறையில்லை என்பதை மறுநாள் மாலையே கண்டுகொண்டேன். மதரஸாவிலிருந்து வந்த பிள்ளைகள் நேராக அடுக்களைக்குள் நுழைந்து, "என்ன இருக்கிறது?" என்று கேட்டனர். அதுவே அவர்களுடைய உண்மையான பசிநேரம். அந்த நேரத்தில் பிஸ்கட்டும் முறுக்கும் அவர்கள் வயிற்றை நிரப்பிவிடுகின்றன. இஷா தொழுத பிறகு தாய் உலை வைக்கிறாள். ஒன்பது மணிக்குச் சோறு வரும்போது பசி போய்விட்டது, உறக்கம் வந்துவிட்டது. சோற்றின் மீது பிள்ளைகளுக்கு வெறுப்பில்லை. சோறு நேரம் தவறி வருகிறது, அவ்வளவே.

இதில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. தமிழகத்தில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. 2024 ஜூலை 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில், ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. நண்பகலில் சத்துணவு முன்பிருந்தே உண்டு. ஆகவே இப்பள்ளிகளில் பயிலும் சிறார்கள் பலர், பள்ளி நாட்களில் இருவேளை வெளியே உண்கின்றனர். இல்லத்தின் பொறுப்பில் முழுமையாக எஞ்சியிருப்பது இரவு உணவு ஒன்றே. பெற்றோர் பிள்ளைகளின் முகம் பார்த்து ஊட்டும் வேளையும் அதுவே. அதையும் பிஸ்கட்டுக்கும் பரோட்டாவுக்கும் விட்டுக்கொடுக்கலாமா?

மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் உள்ளது. சோறு, குழம்பு, இரண்டு கறிகள் என்று விரிக்காமல், ஒரே சட்டியில் ஒரே உணவைச் சமைத்தால் இந்த நேரம் தாராளமாகப் போதும். அதை ஒரே சஹனில் பரிமாறினால் கழுவும் வேலையும் குறைகிறது. அந்த வீட்டில் நாங்கள் சமைத்த மூன்று உணவுகளை இங்கே தருகிறேன். அளவுகள் பெரியவர் இருவர், சிறுவர் இருவருக்கு உரியவை.

முதலாவது, இறால் தேங்காய்ப்பால் சோறு. ஆரம்பாக்கத்துக்குக் கிழக்கே பரந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இறாலுக்குப் பெயர்பெற்றது. கால் கிலோ இறாலை ஓடு நீக்கி, முதுகில் ஓடும் கறுப்புக் குடலையும் எடுத்துக் கழுவிக்கொள்ளுங்கள். சீரகச் சம்பா அரிசி 2 குவளை எடுத்து, 20 நிமிடம் ஊறவையுங்கள். சட்டியில் எண்ணெய் விட்டு, பட்டை, கிராம்பு, வெங்காயம் 2, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, தக்காளி 1 ஆகியவற்றை வதக்குங்கள். மஞ்சள் தூளும் அரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூளும் போதும். பிள்ளைகள் நாவுக்கு மேலும் காரம் வேண்டாம். இறாலைப் போட்டு மூன்று நிமிடம் புரட்டி, சிவந்து சுருண்டதும் தனியே எடுத்துவிடுங்கள். இங்கேதான் பலர் தவறுகின்றனர். அரிசியுடன் சேர்ந்தே வெந்தால் இறால் இரப்பர்போல் ஆகிவிடும், பிள்ளைகள் துப்பிவிடுவர். அதே சட்டியில் தண்ணீர் கலந்த தேங்காய்ப்பால் 4 குவளை ஊற்றி, உப்பிட்டு, கொதித்ததும் அரிசியைச் சேருங்கள். நீர் வற்றும் தருவாயில் இறாலை மேலே பரப்பி, புதினா தூவி, மூடி, மிகக் குறைந்த தீயில் பத்து நிமிடம் தம்மில் வையுங்கள். இறாலை முதன்முறையாக உண்ணும் குழந்தைக்குச் சிறிதளவே கொடுத்துப் பாருங்கள்; சிலருக்கு ஒவ்வாமை ஏற்படுவதுண்டு.

இரண்டாவது, கஞ்சி. நோன்புக் கஞ்சியை ரமளானுக்கு மட்டும் ஏன் ஒதுக்கிவைக்க வேண்டும்? பிள்ளைகள் ஆவலுடன் குடிக்கும் உணவு அது. குக்கரில் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, 100 கிராம் கொத்துக்கறி ஆகியவற்றை வதக்குங்கள். நொய்யரிசி 1 குவளை, பாசிப்பருப்பு கால் குவளை, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 6 குவளை, தேவையான உப்பு சேர்த்து ஐந்து விசில் வரும்வரை வேகவிடுங்கள். ஆவி அடங்கியதும் மசித்து, அரைக் குவளை கெட்டித் தேங்காய்ப்பாலும் மல்லித்தழையும் சேர்த்து இறக்கிவிடுங்கள். தேங்காய்ப்பால் விட்டபின் நெடுநேரம் கொதித்தால் திரிந்துவிடும். அவித்த முட்டை ஒன்றைப் பாதியாக்கிக் கிண்ணத்தில் மிதக்கவிட்டால் சிறியவனின் முகம் மலர்ந்துவிடும்.

மூன்றாவது, கொத்துச் சப்பாத்தி. கடைப் பரோட்டாவுக்கு இது நம் வீட்டின் பதில். காலையில் சுட்டு மீந்த சப்பாத்தி ஆறை விரல் அளவாகப் பிய்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், துருவிய கேரட், பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் ஆகியவற்றை வதக்கி, 3 முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். சப்பாத்தித் துண்டுகளையும், மீந்த சால்னா இருந்தால் ஒரு கரண்டியும் சேர்த்து, கரண்டியால் கொத்தி, மிளகுத் தூள் தூவி இறக்குங்கள். பதினைந்து நிமிடத்தில் உணவு தயார். பிய்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். தான் பிய்த்த சப்பாத்தியைத் தானே வேண்டாமென்று சொல்லும் பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

முதல் நாள் சஹனைச் சுற்றி அமர்ந்தபோது, மகன் இறாலை மட்டும் பொறுக்கித் தின்றான். சோறு அப்படியே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தான். மூன்றாம் நாள், "நான்தான் பிய்த்தேன்" என்று அக்காளிடம் சண்டையிட்டுக்கொண்டே தன் பங்கை முடித்தான். அன்று செல்பேசியை யாரும் தேடவில்லை. அடுத்தவர் கை தன் பக்கம் வந்துவிடாமல் பார்ப்பதிலேயே இருவரும் கண்ணாயிருந்தனர். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டென்று நாம் அறிந்திருக்கிறோம். அன்று அதைக் கண்ணாலும் கண்டேன்.

எனினும் என் மருமகளின் மனத்தில் ஒரு தயக்கம் இருந்தது. "இரண்டாவது ஷிப்டு வாரத்தில் அவர் வீடு வந்துசேரப் பதினொரு மணி ஆகிவிடும், மாமி. அத்தா வராமல் பிள்ளைகளை உண்ணவைப்பது எப்படி? அவருக்காகத்தானே தாமதமாகச் சமைக்கிறேன்" என்றாள்.

அவளுடைய அன்பு எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த அன்பினால் பிள்ளைகள் பசியோடு உறங்குகின்றனரே! அவ்வாரங்களில் பிள்ளைகள் ஏழரை மணிக்குத் தாயுடன் உண்ணட்டும். தகப்பனாரின் பங்கைத் தொடக்கத்திலேயே தனியே எடுத்து, சூடு தணிந்ததும் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். சமைத்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருப்பது நல்லதன்று. அதில் பெருகும் சில கிருமிகளின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. அவர் வந்ததும் ஆவி பறக்கச் சூடாக்கிப் பரிமாறுங்கள். அத்தாவோடு அமரும் சஹனைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்த வாரம் அவர் காலையில் வீட்டில்தானே இருக்கிறார்? பிள்ளைகள் அவருடன் பசியாறிவிட்டுப் பள்ளிக்குச் செல்லட்டும்.

இதைப் படிக்கும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது குடும்பத்தாரின் பணிகளில் துணைநிற்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். முதல் ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வீடு வந்த அந்தப் பிள்ளைகளின் தகப்பனார், நான் தங்கியிருந்த நாளில் தாமே இறாலை உரித்துத் தந்தார். அவர் உரிப்பதை வேடிக்கை பார்க்க மகன் அருகில் குந்தியிருந்தான். "அத்தா, இதற்கு எத்தனை கால்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். அன்றைய உணவில் அவன் இறாலை மட்டும் தேடித் தின்றதன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நான் ஊர் திரும்பும் நாளில் என் மருமகள் வாசல்வரை வந்தாள். "இன்றைக்கு என்ன சமைக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். அவளுக்கு முன்பாகச் சிறியவன், "கஞ்சி!" என்றான்.