செம்பட்டைத் தலையும் எண்ணெய்க் கிண்ணமும்

பள்ளிச் சிறுவரின் தலைமயிர் செந்நிறமேறி வறண்டு கிடக்கக் கண்டால், "வீட்டில் எண்ணெய் வைப்பார் இல்லையோ?" என்று கேட்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். செம்பட்டை என்னும் சொல்லிலேயே தாயின்மீது ஒரு குற்றச்சாட்டு அடங்கியிருக்கிறது. பல வீடுகளைப் பொறுத்தவரை அது அநீதியானது என்பது என் கருத்து.

மயிர் கெராட்டின் என்னும் புரதத்தாலாகியது. தோலுக்கு வெளியே வந்தபின் அது உயிரற்ற இழை. எந்தத் தைலமும் அதற்கு ஊட்டமளிக்க இயலாது. ஊட்டம் சேர்வது தோலினடியில் உள்ள மயிர்க்கால்களுக்கு, அதுவும் இரத்தத்தின் வாயிலாகவே. உணவில் புரதம் குன்றினால் மயிர் நிறம் மங்கி, மெலிந்து, இலேசாக இழுத்தாலும் வலியின்றிக் கையோடு வருகிறது.

கோல்ட் கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானா நாட்டில் பணியாற்றிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், இத்தகைய குழந்தைகளின் நோயை 1935-ஆம் ஆண்டில் 'குவாஷியோர்க்கர்' என்ற உள்நாட்டுப் பெயராலேயே உலகிற்கு அறிவித்தார். இளைய குழந்தை வந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பது அதன் பொருள். இதனை மொழிபெயர்க்க அமர்ந்தபோது அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கவில்லை. தாய் மீண்டும் கருவுற்றதால் பாலிழந்து மெலிந்த பிள்ளையை நம் பாட்டிமார் 'சவலை' என்றனர். மருத்துவ முறைப்படி இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. முன்னதில் வீக்கம் உண்டு. ஆயினும் காரணத்தை இரு நாட்டுத் தாய்மாரும் ஒருங்கே கண்டிருந்தனர்.

இந்நோயில் சில குழந்தைகளின் மயிரில் கருமையும் வெளுப்பும் பட்டை பட்டையாக மாறிவரும். மருத்துவர் இதனைக் 'கொடிக்குறி' என்பர். மயிர் திங்களுக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால், 3 செ.மீ. நீள வெளுப்பு ஏறக்குறைய மூன்று மாதப் பட்டினியின் பதிவாகும். இதற்கு எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டி என்ன பயன்?

வெயிலாலும் தூசியாலும் மயிர் சிவப்பதுண்டு. ஆகவே மயிரை மட்டும் கண்டு முடிவு கட்டலாகாது. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தையாயின் இரு பாதங்களையும் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு மாதம் கடந்திருந்தால் மேற்கையின் சுற்றளவையும் அளக்க வேண்டும். அவ்வளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலும், பாதங்களில் வீக்கம் இருந்தாலும் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் அவசியம்.

பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் மயிர் உதிர ஒரு காரணமாகலாம். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். கீரை, கேழ்வரகு, பருப்பு, நிலக்கடலை, இயன்றால் முட்டை ஆகியவற்றை வாங்கவேண்டிய காசு 'கூந்தல் டானிக்' புட்டிக்குச் செல்வது வருந்தத்தக்கது. கடுங்காய்ச்சலுக்கோ பிரசவத்திற்கோ இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் கொத்தாக உதிர்வது பெரும்பாலும் தானே சீராகும். புகழ் புட்டிக்குப் போய்விடுகிறது! வைட்டமின் ஏ மிகுந்தாலோ, அதுவே மயிரை உதிர்க்கும்.

எண்ணெயை நான் இகழவில்லை. குளிக்குமுன் தடவும் தேங்காயெண்ணெய் மயிரின் புரத இழப்பைக் குறைப்பதாக மும்பை ஆய்வாளர் 2003-இல் வெளியிட்டனர். அது காப்பு, உணவன்று.

பேன் வேறு விஷயம். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாட்கள் ஆகுமாதலின், ஒருநாள் வாரிவிட்டு நிறுத்தினால் மீண்டும் பெருகும்; இரண்டு மூன்று வாரங்கள் ஈரத்தலையில் பேன் சீப்பால் விடாது வாரவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது தோலைப் புண்ணாக்கும். அருகே அடுப்பிருந்தால் உயிருக்கே ஆபத்து. பேனுள்ள சிறுமியைத் தனி மூலையில் அமர்த்தவோ வீட்டிற்குத் திருப்பி அனுப்பவோ வேண்டியதில்லை. பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை நெருங்கினால்தான் பெரும்பாலும் ஏறும்.