கணினி விழுந்ததும் அழித்துவிடலாமா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதனால் பழைய கணினிகளை வைத்திருப்போர் பலர் புதிய பதிப்புக்கு மாறவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். மாறிய கணினிகள் எல்லாமே ஒழுங்காக இயங்குவதில்லை. வேலையின் நடுவே திரை உறைந்துபோகும். திடீரென நின்று மீண்டும் தொடங்கும். முன்னர் நீலமாகவும் இப்போது விண்டோஸ் 11 இல் கறுப்பாகவும் தோன்றும் அந்தப் பிழைத்திரை ஒரே நாளில் பலமுறை முகம்காட்டும். அவ்வேளையில் நம்மவர்களிடையே முதலில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "போர்மட் செய்துவிடுங்கள்."

இந்த ஆலோசனையை எடுத்த எடுப்பிலேயே ஏற்பது தவறு என்பதே எனது கருத்து. வன்தட்டை முழுமையாக அழித்து இயங்குதளத்தை மீண்டும் நிறுவினால் கணினி சில நாட்களுக்கு நன்றாக ஓடக்கூடும். ஆனால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. ஒன்று, பிரதி எடுத்து வைக்காத கோப்புகள் போய்விடுகின்றன. மற்றையது, கணினி ஏன் விழுந்தது என்பதற்கான தடயங்களும் அவற்றுடன் அழிந்துவிடுகின்றன. குற்றம் நடந்த வீட்டைப் பொலிஸார் வருமுன்னர் கழுவித் துடைப்பதற்கு இது ஒப்பானது. நீதிமன்றச் செய்திகளை நீண்டகாலம் எழுதியவன் என்ற வகையில் இதனை என்னால் ஏற்க முடியவில்லை.

"அப்டேட் எனப்படும் இற்றைப்படுத்தல் வந்த பின்னர்தானே விழுந்தது, எனவே அதுதான் குற்றவாளி" என்று பலர் வாதிடுவர். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையாகவும் அது இருக்கலாம் அல்லவா?

2010 பெப்ரவரி 9 ஆம் திகதி மைக்ரோசொப்ட் வெளியிட்ட பாதுகாப்புத் திருத்தம் ஒன்றை நிறுவிய விண்டோஸ் எக்ஸ்பி கணினிகள் பல, நீலத்திரையைக் காட்டி மீண்டும் மீண்டும் விழுந்தன. பழி முழுவதும் திருத்தத்தின் மீதே விழுந்தது. அதனைத் தானாக விநியோகிப்பதை நிறுவனமும் இடைநிறுத்தியது. ஆராய்ந்தபோது வெளிவந்த உண்மையோ வேறு. அலூரியன் என்ற தீம்பொருள் அக்கணினிகளில் ஏற்கனவே ஒளிந்திருந்தது. இயங்குதளத்தின் உட்கருவில் எந்தச் செயற்கூறு எந்த இடத்தில் உள்ளது என்பதை அது முன்கூட்டியே குறித்து வைத்திருந்தது. திருத்தம் அந்த இடங்களை மாற்றிவிட்டது. பழைய முகவரிக்குச் சென்ற தீம்பொருள் இடறியது, கணினி விழுந்தது. வேடிக்கை என்னவெனில், அத்தீம்பொருளை எழுதியவர்கள் சில நாட்களிலேயே தமது தவறைத் திருத்திக்கொண்டனர். அன்று கணினி விழாதிருந்தால், தம் வீட்டுக்குள் திருடன் குடியிருப்பதைப் பலர் அறிந்திருக்கவே மாட்டார்கள்.

இன்னொரு சம்பவம் 2008 இல் நிகழ்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாவது சேவைப்பொதியை நிறுவியதும், ஏஎம்டி செயலி பொருத்திய சில கணினிகள் முடிவின்றி நின்று நின்று தொடங்கின. இன்டெல் செயலிக்கென எழுதப்பட்ட ட்ரைவர் ஒன்றை, ஏஎம்டி கணினிகளிலும் தயாரிப்பாளர்கள் அப்படியே படியெடுத்து வைத்திருந்ததே காரணம். அந்த ஒன்றை முடக்கியதும் கணினி எழுந்தது. எதையும் அழிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஆகவே, விசாரணைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் பிழைத்திரையைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்துக்கொள்ளுங்கள். அதில் காணப்படும் குறியீடும் கோப்பின் பெயருமே முதற் சாட்சிகள். அடுத்து, சேஃப் மோட் எனப்படும் பாதுகாப்பு நிலையில் கணினியைத் தொடக்கி, முக்கியமான கோப்புகளை வெளித்தட்டு ஒன்றுக்கு மாற்றுங்கள். அந்நிலையில் கணினி விழாதிருந்தால், பின்னர் சேர்ந்த ட்ரைவர் அல்லது மென்பொருள் ஒன்றின் மீது சந்தேகம் வலுக்கிறது. அங்கும் விழுந்தால் நினைவகத்தையும் வன்தட்டையும் சோதிக்க வேண்டும். விண்டோஸிலுள்ள ரிலயபிலிட்டி மொனிற்றர் என்ற பகுதி, எந்த நாளில் எது நிறுவப்பட்டது, எந்த நாளில் எது விழுந்தது என்பதை நாட்குறிப்புப்போல் காட்டும். இறுதியாக வந்த இற்றைப்படுத்தலை மட்டும் நீக்கிப் பார்க்கலாம். புதிய பதிப்புக்கு மாறியிருந்தால், பொதுவாகப் பத்து நாட்களுக்குள் பழையதற்குத் திரும்பும் வசதியும் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது குணப்படுத்தியது என்பது தெரியாமற் போய்விடும்.

இவ்வாறு கூறுவதனால் தயாரிப்பாளர்களை நான் விடுவிக்கின்றேன் என எவரும் எண்ணவேண்டாம். 2018 ஒக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு சில பயனர்களின் கோப்புகளை அழித்தது. சில நாட்களில் விநியோகம் நிறுத்தப்பட்டது. வெளியீட்டுக்கு முன்னரே பரிசோதனைப் பயனர்கள் சிலர் இதனை அறிவித்திருந்தனர் என்பதும், அவர்களின் குரல் ஆயிரக்கணக்கான முறைப்பாடுகளுக்குள் அமிழ்ந்துபோனது என்பதும் பின்னர் தெரியவந்தது. 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று, சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை வீழ்த்தியது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. அக்கோப்பு 78 நிமிடங்களில் மீளப்பெறப்பட்டது. எனினும் விழுந்த கணினிகள் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியதாயிற்று. எல்லோருக்கும் ஒரே நாளில் அனுப்பாமல், சிறு தொகுதிக்கு முதலில் அனுப்பிப் பார்ப்பது கடினமான காரியமா? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து கேட்கவேண்டும். கேட்பதற்குத் தடயம் கையில் இருக்கவேண்டும்.

நமக்கு இது வெறும் இயந்திரப் பிரச்சினையன்று. புலம்பெயர்ந்த நம் முதியவர்கள் பலர் தமது நினைவுகளையும் ஊர்க்கதைகளையும் குடும்ப வரலாற்றையும் பாமினி எழுத்துருவில் தட்டெழுதி, ஒரேயொரு கணினியில் வைத்திருக்கின்றனர். அச்சுப் பிரதி இல்லை, வேறெங்கும் சேமிப்பும் இல்லை. விவரமறிந்த பேரப்பிள்ளை ஒருவர் நல்லெண்ணத்துடன் அழுத்தும் ஒரு பொத்தான் அவற்றை இல்லாமற் செய்துவிடும். இயங்குதளத்தை எத்தனை முறையும் மீள நிறுவலாம். அந்தப் பக்கங்களை எழுதியவரை எங்கிருந்து மீளக் கொண்டுவருவது? முதலில் பிரதி எடுங்கள், பின்னர் காரணத்தைத் தேடுங்கள். அழிப்பது கடைசி வழியாக இருக்கட்டும்.