மேட்டுக்குப் பின்னால் பள்ளம்

காரைக்கால் என்றதும் நம் தாய்மார்களுக்கு இரண்டு ஞாபகங்கள் வரும். ஒன்று ஆனி மாதத்து மாங்கனித் திருவிழா. மற்றொன்று பக்கத்துத் திருநள்ளாற்றுச் சனீசுவரர். நளதீர்த்தத்தில் ஸ்நானம், அர்ச்சனை, பொட்டலத்தில் பிரசாதம், பஸ்ஸுக்கு ஓட்டம் - அத்துடன் யாத்திரை பூர்த்தி! அங்கிருந்து கிழக்கே கடலோரக் கிராமங்கள்வரை போய்ப் பார்க்கிறவர்கள் சொற்பம்.

போனால் ஒரு வேடிக்கை தெரியும். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, கோட்டுச்சேரிமேடு என்று மீனவர் கிராமங்கள் பலவற்றுக்கு 'மேடு' என்று பெயர். அண்ணாந்து பார்க்க வேண்டாம். காற்றும் அலையும் குவித்த மணல் திட்டுத்தான். தரை அவ்வளவு தாழ்ந்த சீமையில் அதுவே மேடு! அதற்கு மேற்கே, வயலும் வாய்க்காலுமாகக் கிடப்பது அதைவிடப் பள்ளம்.

காவிரிப் பாசனத்தின் கடைமடை இது. மேட்டூரில் திறந்த தண்ணீர், கடைசிப் பந்திக்குப் பாயசம் வருகிற மாதிரி, எல்லோருக்கும் பரிமாறி மிஞ்சியதுதான் இங்கே வரும். புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. என்று நடுவர் மன்றம் 2007-ல் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டும் 2018-ல் அதை மாற்றவில்லை. அந்த நீர் காரைக்காலை நம்பித்தான் கேட்கப்பட்டது.

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் கதை தலைகீழ்! மேலே பெய்த மழை அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு வழியாக வந்து, இங்கே பெய்த மழையோடு சேர்ந்துகொள்ளும். கடல் வாங்கிக்கொண்டால்தானே? முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கும். புயல் என்றால் கடல் பொங்கி நிற்கும். அமாவாசை, பௌர்ணமி ஓதம் வேறு. வாசலில் கதவு சாத்தியிருக்கக் கண்ட விருந்தாளி மாதிரி வெள்ளம் திரும்பி வந்து வயலில் உட்கார்ந்துகொள்ளும். 2008 நவம்பர் 27-ல் 'நிஷா' புயல் காரைக்கால் அருகே கரை கடந்தபோது டெல்டா வயல்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இளம் சம்பாப் பயிர் அப்படி முழுகிக் கிடந்தால் அழுகிவிடும். இரண்டு வாரம்வரை தாக்குப்பிடிக்க சி.ஆர். 1009 சப்-1 என்று ஒரு நெல் ரகம் வந்திருக்கிறது. சந்தோஷம். முழுகின அடுப்புக்கு எந்த ரகம் கண்டுபிடிப்பார்களோ!

2004 டிசம்பர் 26-ல் தண்ணீர் எதிர்த் திசையிலிருந்து வந்தது. 'மேடு' என்ற பெயர்கள் அன்று யாரையும் காப்பாற்றவில்லை. உயிர்களைக் கொண்டுபோன சுனாமி, உப்பை விட்டுவிட்டுப் போயிற்று. கடலோர வயல்களுக்கு ஜிப்சம் இட்டு, தக்கைப்பூண்டு விதைத்து, மழைநீரைத் தேக்கித் தேக்கி வடித்து உப்பைக் கழுவினார்கள். அதற்கும் தண்ணீர் வடிய வழி வேண்டியிருந்தது, பாருங்கள்.

உலகக் கடல்மட்டம் 1901-லிருந்து 2018-க்குள் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு சாண். நம் மாடி வீடுகளில் அது ஒரு படிக்கட்டு. இந்தச் சமவெளியில் அது ஓதம் இன்னும் உள்ளே வருவதற்கும், கிணறு உப்புக் கரிப்பதற்கும், குடத்தோடு இன்னும் தூரம் நடப்பதற்கும் போதும். தரையை உயர்த்திக்கொண்டிருந்த வண்டலிலோ பெரும் பகுதி அணைகளில் தங்கிவிடுகிறது.

வீடு பார்க்கப் போனால் குழாய் எத்தனை என்று கேட்கிறோம். சாக்கடை எங்கே போகிறது என்று எத்தனை பேர் கேட்கிறோம்? தேசமும் அப்படித்தான். மேட்டூர் திறந்தால் மலர் தூவுவார்கள். வடிகாலைத் தூர்வாரினால் யார் தூவுகிறார்கள்? இங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் விழுந்த எல்லை, 1954-ல் அவர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் அப்படியே இருக்கிறது. ஆறுகள் தமிழ்நாட்டு வயல்களைத் தாண்டிப் புதுச்சேரிச் சர்க்காரின் பூமியில் கடலைச் சேருகின்றன. தூர்வாருவதானால் இரு தரப்பும் ஐப்பசிக்கு முன் சேர்ந்து வார வேண்டும். மேலே மட்டும் வெட்டினால் வெள்ளம் சீக்கிரமாகவே வந்து கீழே உள்ளவர்கள் வாசலில் நிற்கும். கீழே மட்டும் வெட்டினால் மேலே வயல் வடியாது.